ஒட்ட வெட்டாதீர்கள்: சிங்கப்பூரில் புல் வெட்டுகிறவர்களின் அனுபவங்கள்

“தம்பி, நல்லா ஒட்ட வெட்டிடுங்க. அப்பத்தான் அடுத்த மாசம் வரைக்கும் தாங்கும்.”

புல் வெட்டும் தொழிலில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். சொல்பவர்கள் மேல் கோபம் இல்லை. கொடுக்கிற காசுக்கு நிறைய வெட்டினால் லாபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் புல்லுக்கு அது ஆகவே ஆகாது. இங்கே பல வருடம் மெஷின் தூக்கிவிட்டு இப்போது மேற்பார்வை பார்க்கிறேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

இலைதான் புல்லுக்கு அடுப்படி. இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால், வேருக்குப் போகிற சாப்பாடு குறைந்துவிடும். வேர் ஆழம் போகாமல் மேலாகவே நிற்கும். அப்புறம் ஒரு வாரம் மழை இல்லை என்றாலே மஞ்சள் தட்டும். வெயில் நேரே மண்ணில் விழுவதால் கோரையும் தொட்டாற்சுருங்கியும் கிளம்பும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றியும் சாலையோரத்திலும் இருக்கிற அகன்ற இலைப் புல்லைக் கௌ கிராஸ் என்போம். புளிப்பான களிமண்ணையும் ஓரளவு மர நிழலையும் தாங்கி, தரையோடு கொடி விட்டுப் படரும். அதற்கு நாலைந்து சென்டிமீட்டர் உயரம் விட வேண்டும். வீடுகளில் விரும்பிப் போடுகிற மெல்லிய இலை சோய்சியா இரண்டு மூன்று சென்டிமீட்டரிலும் அழகாக நிற்கும். விளையாட்டுத் திடல்களில் அருகம்புல் வகை. அதை இன்னும் தாழ்வாக வெட்டலாம், ஆனால் நிழல் ஆகாது.

நிழல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2014இல் காலாங்கில் புதிய தேசிய விளையாட்டரங்கம் திறந்த புதிதில் திடல் மணலும் திட்டுமாகக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். கூரை மறைத்ததால் வெயில் போதவில்லை. விளக்கு வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு திடலையே மாற்றினார்கள். அவ்வளவு வசதி உள்ள இடத்திலேயே வெளிச்சம் இல்லாமல் புல் நிற்கவில்லை. மாமரத்தடியில் சோய்சியா போட்டுவிட்டு என்ன உரம் போடலாம் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அதே 2014 பிப்ரவரிதான் 1869க்குப் பிறகு பதிவான மாதங்களிலேயே மழை மிகக் குறைந்த மாதம். சாங்கியில் மொத்தமே 0.2 மில்லிமீட்டர். தீவு முழுக்கப் புல் காய்ந்து பழுப்பாகிவிட்டது. மார்ச்சில் மழை திரும்பியதும் நான் கவனித்தது என்னவென்றால், உயரம் விட்டு வெட்டிய இடங்களில் தரைக்கொடி உயிரோடு இருந்து சட்டென்று பச்சை பிடித்தது. ஒட்டச் சிரைத்த மேடுகளில் செம்மண்தான் மிஞ்சியது.

சிராங்கூன் பக்கம் ஒரு தரைவீட்டில் வயதான அம்மா ஒருவர் கூப்பிட்டிருந்தார். ஒவ்வொரு முறை வெட்டிய மறுநாளும் தோட்டம் முழுக்க வெளிறிப் போகிறது, ஏதோ நோய் என்று பூஞ்சை மருந்து வாங்கி வைத்திருந்தார். மண்டியிட்டு ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தேன். நுனி நார் நாராகப் பிய்ந்து, வெள்ளை இழைகள் தொங்கின. கூரான பிளேடு பட்டிருந்தால் நுனி நேராக இருக்கும். “அம்மா, இது நோயில்ல. மொட்டை பிளேடு இழுத்துப் பிய்ச்சிருக்கு” என்று இலையை அவர் கண்ணாடி முன்னால் பிடித்துக் காட்டினேன். நாங்கள் பிளேடைச் சாணை பிடித்து, உயரத்தையும் ஒரு படி ஏற்றி வெட்டத் தொடங்கிய பிறகு அந்த வெளிறல் வரவேயில்லை. மருந்து பிரிக்கப்படாமலே இருக்கிறது.

இன்னொன்று, மனசு வலிக்கிற விஷயம். இளமரத்தடியில் மெஷினின் நைலான் நரம்பைச் சுழற்றிப் புல் வெட்டும்போது பட்டையில் அடி விழுகிறது. இலையில் உண்டாகிற சத்து அந்தப் பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். காயம் சுற்றிலும் வளையமாகச் சேர்ந்துவிட்டால் மரம் மெதுவாகச் செத்துப்போகும். புதிதாக வருகிற பையன்களுக்கு இதை நகத்தால் கீறிக் காட்டியே சொல்லித் தருகிறேன். மரத்தைச் சுற்றி மரத்தூள் பரப்பி வட்டம் போட்டிருந்தால், அதற்குள் மெஷினே போகக் கூடாது.

மறுமொழி 1

அண்ணே, நான் இப்பவும் முதுகில் மெஷின் மாட்டுகிறவன். எங்கள் பக்கத்தையும் எழுதுகிறேன்.

ஒருவர் வெட்டும்போது இன்னொருவர் வலைத்தட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்வார். ஒரு நாள் கார் நிறுத்துமிடத்தில், “ஏன் என் காரை மறைச்சுட்டு நிக்கிறீங்க?” என்று ஒருவர் சத்தம் போட்டார். நாங்கள் பதில் சொல்வதற்குள் வலையில் படார் என்று ஒரு கல் விழுந்தது. குனிந்து அந்தக் கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, நாங்கள் முடிக்கும்வரை அவரே காரைத் தள்ளி நிறுத்தினார்.

முகக் கவசம், காதடைப்பு, ஏப்ரன், பூட்ஸ் எல்லாம் போட்டால் உள்ளே வேகும். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்தது: வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு; 33ஐத் தொட்டால் 15 நிமிடம். நிழலில் நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்துப் புகார் அனுப்பாதீர்கள், ப்ளீஸ். களைத்த கை தாழும். கை தாழ்ந்தால் புல்லும் ஒட்ட வெட்டுப்படும்.

மறுமொழி 2

நான் வெட்டுகிறவள் இல்லை, பார்க்கிறவள். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது எங்கள் புளோக்குக்குப் பின்னால் புல் முழங்கால் வரை வளர்ந்தது. புள்ளிச் சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து கதிரில் தொங்கி விதை கொத்தும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்து வீட்டில் கொசு வரும் என்று பயந்தார்கள். எது சரி? அப்புறம், என் அக்கா வீட்டு முன்னால் இப்போது அதே உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. எப்படி இறக்குவது?

முதல் பதிவர்

டெங்கிக் கொசு முட்டையிடத் தேங்கிய தண்ணீர் வேண்டும். உயர்ந்த புல்லில் அது இனப்பெருக்கம் செய்யாது. ஆனால் வெட்டிய புல் கால்வாயில் விழுந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். அதனால் வெட்டுவதைவிடக் கூட்டி அள்ளுவதில் கறாராக இருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் கொஞ்சம் வளரவிட்டால் எனக்கும் சந்தோஷம்தான்.

உங்கள் அக்கா வீட்டுக்கு: மழை ஓய்ந்து இலை காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள். ஈரத்தில் வெட்டினால் கட்டி கட்டியாக அப்பிக்கொண்டு அடியில் இருப்பது அழுகும். முதல் நாள் மேலே மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, நீளத் துண்டுகளை வாரிவிடுங்கள். நாலைந்து நாள் விட்டு அடுத்த பங்கு. இப்படியே படிப்படியாக இறக்குங்கள். தண்டு பழுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அடியிலிருந்து தளிர் வரும். உயரம் சரியானதும் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். அப்போது விழும் குட்டைத் துண்டுகளை அப்படியே விடலாம், மக்கித் தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும். பெருமழைக்கு முன்னால் மட்டும் உரம் போடாதீர்கள், எல்லாம் கால்வாய்க்குத்தான் போகும். வாடகைக்கு மெஷின் எடுத்தால், பழைய புல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கழுவச் சொல்லுங்கள். அடுத்தவர் வீட்டுக் களை விதை அதில்தான் வரும்.