1855-இல் விடுதலை, பள்ளிக்கூட வாசல் எப்போது திறந்தது?

கேள்வி (பாறசாலை வாசகி):
என் பாட்டி கூலி நெல்லுக்குச் சுவரில் கரிக்கோடு இழுத்துக் கணக்கு வைத்திருந்தார். ஐந்து கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. அவருக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான். திருவிதாங்கூரில் 1855-இலேயே அடிமைமுறை ஒழிந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் நம் வீட்டில் ஏன் இத்தனை காலம் ஒருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியவில்லை?

பதில் (களியக்காவிளை):
அக்கா, விடுதலையும் தவணை தவணையாகத்தான் வந்தது. 1853 ஆணை அரசு அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் பிள்ளைகளை மட்டும் விடுவித்தது. 1855-இல்தான் மற்றவர்களுக்கு. அந்த ஆணைகளால் பள்ளிக் கதவு திறந்துவிடவில்லை. மிஷன் பள்ளிகள் சில இடங்களில் சேர்த்துக்கொண்டன, அவ்வளவே.

பதில் (நெய்யாற்றின்கரை):
கதவைத் தட்டியவர் அய்யன்காளி, ஒடுக்கப்பட்ட புலையர் சாதியில் பிறந்த தலைவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். 1904-இல் வெங்ஙானூரில் அவர் போட்ட பள்ளிக்கூடத்தை மேல்சாதிக்காரர்கள் தீ வைத்துக் கொளுத்தினார்கள், திரும்பவும் கட்டினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்க மாட்டோம் என்று உழைப்பாளிகளை நிற்க வைத்தார். பட்டினி கிடந்தும் நின்றார்கள், எனக்கு இதை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. பஞ்சமி என்ற சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளிக்கு அவரே அழைத்துப்போனார், அந்தப் பள்ளியையும் எரித்தார்கள். பாதி கருகிய பெஞ்சு ஒன்று அங்கே இன்றும் இருக்கிறது.

பாறசாலை வாசகி:
நன்றி அண்ணா. ஊருட்டம்பலம் இங்கிருந்து பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பாட்டி இழுத்த கோடுகளை வெள்ளையடிக்காமல் வைத்திருக்கிறேன், அதையும் அவளுக்குக் காட்ட வேண்டும்.