புதுப்பிப்பு: ஓடத் தொடங்கியதும் மூச்சு வாங்குதல், கீழ்க்கால் வலி – தீர்ந்தது

ஓட ஆரம்பித்தால் ஒரு தெரு தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது, கீழ்க்கால் எலும்பின் உள்ஓரம் வலிக்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறேன்.

கை கொடுத்தது ஓட்டமும் நடையும் கலந்த 'கவுச் டு 5கே' திட்டம். முதல் வாரம் 5 நிமிட வேக நடை, அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம். வாரத்தில் மூன்று நாள் மட்டும். இது 9 வாரத் திட்டம். கடினமான வாரங்களைத் திரும்பச் செய்ததால் எனக்குக் கூடுதலாகவே ஆனது. "ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும்" என்று ஒருவர் சொன்னாரே, மூச்சுப் பிரச்சினை அதிலேயே சரியாகிவிட்டது.

கால் வலி புது ஷூ வாங்கியும் முழுசாகப் போகவில்லை. எதிர்பாராத காரணம், தண்ணீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தில் இருக்கும் சரிவு. சமதளமான மைதானத்துக்கு மாறிய பிறகுதான் வலி விட்டது. ஆனால் வலி ஒரே புள்ளியில் குத்தினாலோ ஓய்விலும் நீடித்தாலோ எலும்பில் விரிசல் இருக்கலாம். அப்போது ஓடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு ஒன்று: புழுக்கத்தில் வியர்வை சரியாக ஆவியாகாது, அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்கும். மே மாதத்தில் விடியற்காலையிலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓடுகிறேன்.