கிரேடு 3 என்றால் மூன்றாம் ஸ்டேஜா?

பாலக்கோடு வாசகர்:
சித்திக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. பயாப்சி ரிப்போர்ட்டில் "கிரேடு 3, ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 2+". டாக்டர் சீட்டில் "சிடி2 என்1 எம்0". வீட்டில் எல்லோரும் மூன்றாம் ஸ்டேஜ் என்று கலங்கிப் போயிருக்கிறார்கள். இதை எப்படிப் படிப்பது? பெங்களூரு கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனையிலும் காட்ட நினைக்கிறோம்.

ஓசூர் லேப்:
இல்லை. கிரேடு என்பது செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பது. ஸ்டேஜ் என்பது நோய் எதுவரை போயிருக்கிறது என்பது. இரண்டுக்கும் 3 என்ற எண் வருவதால்தான் இந்தக் குழப்பம்.

முன்னால் இருக்கும் 'சி' சிடி ஸ்கேன் அல்ல; ஆபரேஷனுக்கு முன் பரிசோதித்துச் சொன்னது என்று பொருள். டி2: கட்டி 2 செ.மீ.க்கு மேல், 5 செ.மீ. வரை. என்1: அதே பக்க அக்குளில் நெறி கட்டியிருக்கிறது, ஆனால் அசைகிறது, ஒட்டிப்போயிருந்தால் என்2. எம்0: தூரத்து உறுப்புகளில் அறிகுறி இல்லை. கட்டியின் அளவையும் பரவலையும் மட்டும் வைத்துப் பார்த்தால் இது ஸ்டேஜ் 2பி. எம்0 போட ஸ்கேன் கட்டாயமில்லை, அதனால் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

காரிமங்கலம்:
ஈஆர், பிஆர் இரண்டும் கட்டியின் செல்களில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள்; ஹெர்2 செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதம். ஹெர்2 2+ என்பது முடிவு அல்ல, இரண்டுங்கெட்டான். ஹெர்2 மரபணு கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் செய்தால்தான் ஆமா, இல்லையா என்று தெரியும். அதை விட்டுவிட்டு மருந்தைத் தீர்மானிக்க முடியாது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஏஜேசிசி (புற்றுநோய்க்கு ஸ்டேஜ் வகுக்கும் அமெரிக்கக் குழு) எட்டாம் பதிப்பு முறையில் கிரேடு, ஈஆர், பிஆர், ஹெர்2 நான்கையும் சேர்த்தே ஸ்டேஜ் போடுகிறார்கள். இதே டி2 என்1, ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் நெகட்டிவாக கிரேடு 3 ஆக இருந்தால் மூன்றாம் ஸ்டேஜுக்கே ஏறிவிடும்; ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் இறங்கவும் செய்யும்.

கிட்வாய்க்கு ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்சி செய்த லேபில் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு) ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். பிளாக் இல்லாவிட்டால் மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டி வரலாம்.

பாலக்கோடு வாசகர்:
முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்கிறார்கள். கட்டி கரைந்தால் ஸ்டேஜ் குறையுமா?

ஓசூர் லேப்:
முதலில் போட்ட ஸ்டேஜ் மாறாது. ஆபரேஷனுக்குப் பின் 'ஒய்பி' என்று தொடங்கி மீதி நோயைத் தனியாக எழுதுவார்கள். கீமோ தொடங்கும் முன் கட்டிக்குள் கிளிப் (அடையாளத்துக்கான சிறு உலோகத் துண்டு) வைக்கச் சொல்லுங்கள், அக்குள் நெறியில் ஊசிப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் அதிலும். முழுவதும் கரைந்துவிட்டால் சர்ஜனுக்கு இடம் காட்டுவது அந்தக் கிளிப்தான்.