நாள்பட்ட முதுகுவலி: டாக்டரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது?

கேள்வி: வெண்புறா
அடிமுதுகு வலி மூணு மாசத்தைத் தாண்டிவிட்டால் டாக்டரிடம் எப்படிப் பேசணும்? உள்ளே கிடைப்பதே பத்து நிமிஷம். முக்கியமானது வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வருது. எதை எழுதி எடுத்துப் போகணும்? எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி நாமே கேட்கலாமா?

பதில்: நிமிர்நடை
"தாங்க முடியல டாக்டர்" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். அதை வைத்து அவரால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். "20 நிமிஷம் உட்கார்ந்தால் எழும்போது நிமிர முடியல, அஞ்சு நிமிஷம் நடந்தால் விட்டுடுது." எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, எவ்வளவு நேரம் என்று மூன்றுமே இதில் வந்துவிட்டன.

போவதற்கு முன் 7 நாள் குறிப்பு போதும். காலை, மதியம், படுக்கும் முன் என்று 0 முதல் 10 வரை ஓர் எண், அப்போது செய்த வேலை, போட்ட மாத்திரை. ஒரே பக்கத்தில் முடியுங்கள். நோட்டுப் புத்தகத்தை யாரும் புரட்ட மாட்டார்கள்.

வலி எதுவரை இறங்குகிறது என்பதைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். பிட்டத்தோடு நிற்பது வேறு. முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை சுள்ளென்று இழுத்தால் நரம்பு வேர் அழுந்துகிறதா என்று பார்ப்பார்கள். முந்தின நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக நுனிக்காலில் எழுந்து பாருங்கள். பிறகு கால் கட்டைவிரலை மேலே தூக்கிப் பாருங்கள். அடிமுதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகளில், ஒரு பக்கம் மட்டும் எழும்ப வராவிட்டால் எஸ் 1 நரம்பு, கட்டைவிரல் தூக்க வராவிட்டால் எல் 5 நரம்பு மேல் சந்தேகம் விழும். "கால் பலவீனமா இருக்கு" என்பதைவிட இது பத்து மடங்கு பயன்படும்.

நடந்தால் கால் கடுத்து, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ விட்டுப்போகிறது என்றால் அதையும் விடாமல் சொல்லுங்கள். தண்டுவடக் குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

பதில்: கல்தூண்
காலை விறைப்பைப் பலர் சொல்வதே இல்லை. 45 வயதுக்குள் தொடங்கிய வலி, எழுந்ததும் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைவது, பின்னிரவில் விழிப்பு. இவை சேர்ந்து வந்தால் தேய்மானத்தைவிட அழற்சி வகை வாத நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கண் சிவந்து வலித்தது, சொரியாசிஸ் இருப்பது போன்றவை முதுகோடு சம்பந்தமில்லாதவை போலத் தெரியும். சொல்லிவிடுங்கள். வாத நோய் நிபுணரான ருமட்டாலஜிஸ்டிடம் அனுப்புவதா என்று முடிவுசெய்ய அவை உதவும்.

எம்.ஆர்.ஐ. விஷயத்துக்கு வருவோம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015 ஆய்வில், டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு) தேய்மானம் 20 வயதினரில் 37 சதவீதம், 80 வயதினரில் 96 சதவீதம். ஆக, ரிப்போர்ட்டில் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்றோ, "டிஸ்க் பல்ஜ்" (வட்டு பிதுங்கியிருக்கிறது) என்றோ வந்தால் வலிக்குக் காரணம் அதுதான் என்று அர்த்தமில்லை. ராத்திரி உட்கார்ந்து அந்த வார்த்தைகளைத் தேடிப் படித்தால் பயம்தான் மிச்சம். "ஸ்கேன் எடுக்கலாமா?" என்பதற்குப் பதில் "அதில் என்ன வந்தால் சிகிச்சை மாறும்?" என்று கேளுங்கள்.

பதில்: மருந்துச்சீட்டு
மாத்திரைப் பெயரை மனப்பாடமாகச் சொல்ல முயலாதீர்கள், அட்டைகளையே எடுத்துப் போங்கள். சளி மாத்திரையிலும் வலி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருந்து, தெரியாமலே இரட்டிப்பாவது அடிக்கடி நடக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம்தான் உச்சம். எடை குறைந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், குடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஐபுபுரூபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரை என்றால் அல்சர், சிறுநீரகப் பிரச்சினை, பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, கர்ப்பம் எதுவானாலும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

"மருந்து கேட்கலை" என்று மட்டும் சொன்னால் அடுத்த மருந்துக்குத் தாவுவார். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், வேளை தவறாமலா, வலி வந்தால் மட்டுமா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பிசியோதெரபிக்கும் அப்படித்தான். எந்தப் பயிற்சியில், எத்தனையாவது முறையில் வலி கூடியது என்று சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார்கள். சொல்லாமல் நிறுத்தினால் "பிசியோ பலனில்லை" என்று பதிவாகிவிடும்.

வெண்புறா:
தூக்கம், கவலை பற்றிச் சொன்னா "எல்லாம் மனசுதான்"னு ஒதுக்கிடுவாங்களோ?

பதில்: நிமிர்நடை
சொல்லுங்கள். தூக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும். அப்படி ஒதுக்கினால் "சரி டாக்டர், அதோடு முதுகுக்கு என்ன செய்யலாம்? எத்தனை வாரத்தில் பலன் தெரியணும், தெரியாவிட்டால் அடுத்து என்ன?" என்று கேளுங்கள். குறிப்பில் 7 என்றிருந்த வலி எண் 5 ஆவதே நல்ல முன்னேற்றம்தான். பூஜ்யத்தை எதிர்பார்த்தால் சரியான சிகிச்சையையும் பாதியில் விட்டுவிடுவோம்.

பதில்: கல்தூண்
ஒன்று விட்டுப்போனது. சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் திடீரென அடைப்பது அல்லது கட்டுப்படாமல் போவது, மலம் கட்டுப்படாமை, இரண்டு காலும் தளர்வது: இவற்றுக்கு அப்பாயின்ட்மென்ட் தேதி வரை காத்திருக்கக் கூடாது, அன்றே அவசரப் பிரிவு. முதுகுவலியோடு காய்ச்சல் இருந்தாலோ, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வலி வந்தாலோ, எடை காரணமில்லாமல் குறைந்தாலோ, அது உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்கட்டும்.