மறு: அக்கவுன்டபிலிட்டி டேட்டா – ‘பொறுப்புக்கூறல் தரவு’ போதுமா?

> ‘பொறுப்புக்கூறல் தரவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, இலங்கைச் செய்திகளில் பழகிப்போன சொல்தானே?

பழகிப்போனதுதான் சிக்கல் ஐயா. பொறுப்புக்கூறல் என்றதும் அங்கே நினைவுக்கு வருவது போர்க்கால விசாரணையும் ஐ.நா. தீர்மானமும். ஒரு மாலைநேர ஆங்கில வகுப்பில் எத்தனை பேர் அடுத்த நிலைக்கு ஏறினார்கள் என்று சொல்லும் அட்டவணைக்கு அவ்வளவு கனம் தாங்காது.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்ப்பது அமெரிக்காவின் வயதுவந்தோர் பள்ளிகளைப் பற்றிய கையேடு. (‘முதியோர் கல்வி’ வேண்டாம், அது 19 வயதுப் பையனையும் கிழவனாக்கிவிடும்.) கூட்டரசு நிதி பெறும் இந்தப் பள்ளிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி சில விவரங்களை மேலே அனுப்பியாக வேண்டும். 12 மணி நேரமாவது வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் நிலை ஏறினார்கள், பள்ளியை விட்ட பிறகு வரும் இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், என்ன சம்பாதித்தார்கள், சான்றிதழ் வாங்கினார்களா, இப்படி. ஆனால் கையேடு பேசுவது அனுப்புவதைப் பற்றி அல்ல. அதே விவரத்தை வைத்துக்கொண்டு பள்ளி தன்னை எப்படித் திருத்திக்கொள்வது என்பதுதான் அதன் பேச்சே.

தமிழில் கணக்குக் காட்டுவது வேறு, கணக்குப் பார்ப்பது வேறு. காட்டுவது மேலிடத்துக்கு, பார்ப்பது நமக்கு. ‘கூறல்’ என்று சொல்லிலேயே கட்டிவிட்டால் காட்டுவது மட்டும்தான் நிற்கும், அதனால் என் பரிந்துரை பொறுப்புக் கணக்கு. காட்டவும் பார்க்கவும் ஒரே பெயர், வினை பிரித்துக்கொள்ளும். (‘காட்டுக்கணக்கு’ என்று ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார், காட்டில் மரம் எண்ணுவதுபோல் இருக்கிறது.)

> கணக்கு என்றால் வெறும் எண் கூட்டல் இல்லையா? தரவு என்பது அதைவிட விரிந்தது.

ஓர் உதாரணம் பார்ப்போம். வாரம் 6 மணி நேரம் நடக்கும் வகுப்பு என்று வையுங்கள். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் நடுவே 70 முதல் 100 மணி நேரப் பாடம் இருக்கட்டும் என்பது இந்தப் பள்ளிகளில் கற்பவரின் நிலையை அளக்கும் காசாஸ் என்ற தேர்வின் பரிந்துரை. 70-ஐத் தொட 12-ஆம் வாரம் ஆகிவிடும். 8-ஆம் வாரத்தோடு வேலை நேரம் மாறி ஒருவர் நின்றுவிட்டால் அவர் பெயருக்கு நேரே முன்தேர்வு மதிப்பெண் இருக்கும், பக்கத்துக் கட்டம் காலி. பின்தேர்வு இல்லாதவருக்குத் தேர்வு வழியில் நிலையேற்றம் ஏறாது, அவர் எவ்வளவு கற்றிருந்தாலும். மேலே போகும் அறிக்கையில் இது குறைந்த விழுக்காடாகத் தெரியும், உடனே ஆசிரியர் தலையை உருட்டுவார்கள். உட்கார்ந்து கணக்குப் பார்த்தவருக்குத்தான் காலிக் கட்டங்கள் எந்த வாரத்தில் தொடங்குகின்றன என்பது தெரியும், பாடத்தைத் தொடாமல் கால அட்டவணையை மாற்றலாம், வாரத்துக்கு 9 மணி நேரமாக்கினால் 8-ஆம் வாரத்திலேயே 70 தாண்டிவிடுமே என்று தோன்றும். இதில் கூட்டல் எங்கே இருக்கிறது? இல்லாத எண்ணைப் படிப்பதும் கணக்குதான்.

இன்னொன்று, இடைநிற்றல். பள்ளிக் கல்வியில் இதை ஒரேயடியாக விட்டுப்போனவர்களுக்குப் போடுகிறோம், சொல்லோ இடையில் நிற்பதைத்தான் சொல்கிறது. வயதுவந்தோர் நிற்பார்கள், இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருவார்கள். 90 நாள் எந்தச் சேவையும் பெறாவிட்டால் வெளியேறியவர் என்பது அங்குள்ள விதி. ஆகவே விதிப்படி போனவருக்கு ‘வெளியேற்றம்’, திரும்பி வரக்கூடியவருக்கு ‘இடைநிற்றல்’ என்று இந்தக் கையேட்டில் மட்டுமாவது பிரித்துப் போடுகிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

‘பொறுப்புக் கணக்கு’ ஓர் இடத்தில் சறுக்குகிறது, நானே சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளிகளில் கணக்குப் பாடமும் உண்டு. நேற்று ‘கணக்கு வகுப்பின் பொறுப்புக் கணக்கு’ என்று எழுதிவிட்டுச் சிரித்தேன். அங்கே மட்டும் கணித வகுப்பு என்று மாற்றிவிட்டேன்.