வேலூரில் தொடங்கும் ஓர் உளவு நாவல்: வாசித்தவர்களின் அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

இந்திய உளவுத்துறையைக் களமாகக் கொண்டு ஆங்கிலத்தில் வந்திருக்கும் ஒரு நாவலை எங்கள் வட்டாரத்தில் சிலர் கைமாற்றி வாசித்துவருகிறோம். எழுதியவருக்கு இது முதல் நூல். குறைகளையும் ஒளிக்காமல் பேசப்போவதால் நூலின் பெயரையும் அவருடைய பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். கதையின் முதல் பாதி வேலூரில் நடக்கிறது என்பதே என்னை வாங்கத் தூண்டியது. ஊர்ப் பாசம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்காக வரும் முதியவர் ஒருவருக்குத் துணையாக அவருடைய மருமகனும் வருகிறான். அவனிடம் ஒரு தகவல் இருக்கிறது. அதை எப்படியாவது இந்திய அதிகாரி ஒருவரின் காதில் போட்டுவிட வேண்டும் என்று தவிக்கிறான். தகவல் கைமாறுவது நூறு பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் இந்நூலின் மிகச் சிறந்த பகுதி. அந்தத் தகவல் அறிக்கையாகி, குறிப்பாகி, சுருக்கத்தின் சுருக்கமாகித் தில்லியில் மேசை மேசையாக ஏறுகிறது. ஒவ்வொரு மேசையிலும் அதன் கூர்மை கொஞ்சம் மழுங்குகிறது. ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திடும் அதிகாரியை ஆசிரியர் வில்லனாகக் காட்டவில்லை. போன வருடம் இதேபோல் வந்த தகவலொன்று பொய்யாகிப் போனதில் சூடுபட்டவர் அவர். அந்த ஓரக் குறிப்பை வாசித்தபோது துப்பாக்கிச் சூட்டுக் காட்சிகள் எதிலும் வராத படபடப்பு எனக்கு வந்தது.

வேலூர்க்காரனுக்கு இது புதிய செய்தி அல்ல. 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுவதற்குச் சில வாரங்கள் முன்பே, முஸ்தபா பெய்க் என்ற சிப்பாய் நடக்கவிருப்பதைத் தன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டான். அதை விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே விடப்பட்டது. அவர்கள் அவனைப் பித்துப் பிடித்தவன் என்று சொல்லிக் காவலில் வைக்கச் செய்தார்கள். எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் கிழக்கிந்தியக் கும்பெனியார் அவனுக்குப் பணமும் ஓய்வூதியமும் கொடுத்தார்கள். (நம் பக்கத்திலிருந்து பார்த்தால் அவன் காட்டிக்கொடுத்தவன், அது வேறு கதை.) 1999 கார்கில் போருக்குப் பிறகு கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த மறுஆய்வுக் குழுவின் அறிக்கையும், வெவ்வேறு அமைப்புகளிடம் துண்டு துண்டாகக் கிடந்த தகவல்கள் ஒன்றாகக் கோக்கப்படவில்லை என்பதைத்தான் பேசியது. உளவுக் கதையின் உயிர்நாடி, சொன்னவனை யார் நம்பினார்கள் என்பதில் இருக்கிறது. முதல் பாதியில் ஆசிரியருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் பாதியில் அதை அவரே கைவிட்டுவிடுகிறார். நாயகன் வேலையை விட்டுவிட்டுத் தனி ஆளாகத் துபாய்க்குப் போகிறான், அடிக்கிறான், ஓடுகிறான், வெல்கிறான். எதை யாரை நம்பவைப்பது என்ற கேள்வியே எழாத கதை அது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

தகவல் பிழைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். காட்பாடி நடைமேடையில் ‘ரா’ அதிகாரி அடையாள அட்டையை நீட்டி ஒருவனைக் கைது செய்கிறார். 1968-ல் தொடங்கப்பட்ட ‘ரா’ அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் வெளிநாட்டு உளவைப் பார்ப்பது. உள்நாட்டு உளவைப் பார்க்கும் ஐ.பி. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. இரண்டுக்குமே கைது செய்யும் அதிகாரம் கிடையாது. அந்த இடத்தில் மாநிலக் காவல்துறையில் உளவு வேலை பார்க்கும் கியூ பிரிவின் ஆய்வாளர் ஒருவர் வந்து, ‘இது எங்கள் ஊர், முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்’ என்று முறைத்திருந்தால் எவ்வளவு சுவையான காட்சியாக இருந்திருக்கும்! ஆனாலும், ஆளைக் காட்பாடியில் இறக்கிய வரைக்கும் ஆசிரியரைப் பாராட்ட வேண்டும். சென்னை–பெங்களூரு ரயில் நிற்பது பக்கத்திலுள்ள காட்பாடியில்தான்; அதில் வருகிறவர்களை நேராக வேலூரில் இறக்கிவிடும் எழுத்தாளர்கள் உண்டு.

காந்தி ரோட்டில் லாட்ஜ் நிர்வாகியாக இருந்த ஓர் உறுப்பினர்:

ஐயா சொன்ன முதல் பாதியை நான் இரண்டு முறை வாசித்தேன். வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், அறையிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொள்ளும் குடும்பங்கள், விடிவதற்கு முன்பே ஃபைலையும் எக்ஸ்ரே உறையையும் அணைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலுக்கு நடக்கும் கூட்டம் என எல்லாமே நான் பார்த்து வளர்ந்த தெருதான். எங்கள் தெருவில் எக்ஸ்ரே உறையோடு போகிற ஒருவனை யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த உறைக்குள் ஒரு காகிதத்தை வைத்துக் கைமாற்றுவதாக ஆசிரியர் எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர் இங்கே வந்து தங்கியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

என்னால் ஏற்க முடியாதது ஒன்று உண்டு. அந்த மருமகன் பொய்ப் பெயரில் வாரக்கணக்கில் தங்குகிறான். வரவேற்பு மேசையில் ஒருவரும் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான அரசுப் படிவத்தில் பாஸ்போர்ட், விசா விவரங்களைப் பதிந்து அனுப்பியாக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நோயாளியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாலும், சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டை நகலெடுத்துவிடுவோம். இந்த நடைமுறையை மறைக்காமல் கதைக்குள் கொண்டுவந்திருந்தால் இறுக்கம் கூடியிருக்கும் என்பது என் எண்ணம். உண்மையான பெயரில்தான் தங்க முடியும், அந்தப் பெயர் மறுநாளே ஒரு கணினிக்குப் போய்விடும், அதற்குள் சொல்லவேண்டியவரிடம் சொல்லியாக வேண்டும். இதைவிட நல்ல கெடு ஒரு கதைக்கு வேறு என்ன வேண்டும்?

கம்மவான்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர், ராணுவத்தின் தகவல்தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

வீட்டுக்கு வீடு ராணுவத்தினர் உள்ள ஊர் எங்களுடையது. இந்தப் புத்தகம் இங்கே பல கைகள் மாறிவிட்டது. வயர்லெஸ் உரையாடல்களில் ‘ஓவர் அண்ட் அவுட்’ என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். ‘ஓவர்’ என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று பொருள், ‘அவுட்’ என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவனைப் பயிற்சி மையத்திலேயே மைதானத்தைச் சுற்றி ஓட விடுவார்கள்.

அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடலாம். எல்லையருகே நாயகன் சாட்டிலைட் போனில் நிதானமாக நெடுநேரம் பேசுவதைத்தான் விட முடியவில்லை. இரண்டு இடங்களிலிருந்து திசையைக் கணித்துக் கோடு போட்டால், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் பேசுகிறவன் இருப்பான். எவ்வளவு நேரம் பேசுகிறானோ அவ்வளவு எளிதாக அகப்படுவான். அனுமதியில்லாமல் அந்த வகைப் போனை இந்தியாவில் கையில் வைத்திருப்பதே குற்றம்.

இருந்தாலும் ஓர் அத்தியாயத்துக்காக ஆசிரியரை மன்னித்துவிட்டேன். ஒட்டுக்கேட்கும் நிலையத்தில் இரவுப் பணியில் இருக்கும் ஒரு ஹவில்தார், நள்ளிரவு தாண்டியும் ஒன்றும் வராததால் லாக் புத்தகத்தில் ‘ஒன்றுமில்லை’ என்றே மணிக்கொரு முறை எழுதிக்கொண்டு வருகிறார். விடியும் நேரத்தில், வழக்கமாகப் பேசும் ஒரு குரல் அன்று பேசவே இல்லை என்பது அவருக்கு உறைக்கிறது. சத்தம் வருவதைக் கேட்பது எல்லாருக்கும் முடியும். வரவேண்டிய சத்தம் வராததைக் கேட்பதற்குத்தான் அனுபவம் வேண்டும். அதை எழுதியவருக்கு யாரோ எங்கள் ஆள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

சத்துவாச்சாரி உறுப்பினர், மீண்டும்:

கம்மவான்பேட்டை ஐயா குறிப்பிட்ட ஹவில்தார் அத்தியாயத்தை நான் வேகமாகக் கடந்துவிட்டேன், திரும்ப வாசிக்கிறேன். முடிவைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. கடைசியில் நாயகனுக்குத் தில்லியில் விழா எடுத்து, கேமராக்களுக்கு முன்னால் பதக்கம் குத்துகிறார்கள். ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யக்கூடாது, செய்தால் மறைக்க வேண்டியதைத் தானே வெளிப்படுத்தியதாகிவிடும் என்று ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறளே சொல்லிவிட்டது. அதே அதிகாரத்தில்,

‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர்
ஒற்றினால் ஒற்றிக் கொளல்’

என்றும் இருக்கிறது. நாவலின் முதல் பாதி முழுவதும் இந்த ஒரு குறளின் சங்கடம்தான்; ஒற்றிக்கொள்ள இன்னொரு ஒற்றன் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதுதான் அந்த ஓரக் குறிப்பு எழுதிய அதிகாரியின் பிரச்சினை. அவர் இரண்டாம் பாதியில் ஒரு முறைகூடத் தலைகாட்டவில்லை. தகவல் உண்மை என்று தெரிந்த நாளில் அவர் எப்படி வீட்டுக்குப் போனார் என்பதை அறிய, அந்தத் துபாய்ச் சண்டைகள் அத்தனையையும் நான் விட்டுக்கொடுப்பேன்.

ஆம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

துபாய்ப் பகுதியைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நாயகன் ஆம்பூர்த் தோல் ஏற்றுமதியாளர் என்று வேடம் போடுகிறான். எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் முதல் சந்திப்பிலேயே ‘என்னிடம் நல்ல பச்சைத் தோல் இருக்கிறது’ என்று பேச்சைத் தொடங்குகிறான். இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போவது பதனிடாத பச்சைத் தோல் அல்ல, பதனிட்டு முடித்த தோலும் காலணியும்தான் என்பது எங்கள் தொழிற்சாலைகளில் மேல்பாகம் தைக்கும் பெண்களுக்கெல்லாம் தெரியும். வாங்க வருகிறவர் தோலை இரண்டு விரல்களுக்கு நடுவே மடித்துப் பார்ப்பார், மேற்பரப்பு விரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடிப்பார், கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பார். இந்த மூன்றுக்கும் பதில் தெரியாதவன் தேநீர் வருவதற்குள் அகப்பட்டுவிடுவான். நாவலில் எதிரியோ இருநூறு பக்கங்களுக்கு அவனை நம்புகிறார். தில்லி அதிகாரிகளுக்கு உண்மையான தகவலில் அவ்வளவு சந்தேகம் வந்தபோது, இவருக்கு இந்தப் பொய்யில் கொஞ்சமாவது வந்திருக்க வேண்டாமா? காந்தி ரோட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த ஆசிரியருக்கு ஆம்பூர் பேருந்தில் போய்வரக்கூடிய தூரம்தான்.