அப்பா கட்டிய சோலைவரி, ஆனால் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. எங்கே தேடுவது?

சின்னடவுன்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சின்ன டவுனில் எங்கள் வீடு. 18 பேர்ச் காணி, அப்பா 1991இல் உறுதி (காணிப் பத்திரம்) முடித்து வாங்கியது. போன வருடம் அவர் தவறிவிட்டார். நான் வத்தளையில் வேலை, அம்மா மட்டும் வீட்டில். காணியை அம்மா பெயருக்கு மாற்றுவோம் என்று நொத்தாரிசிடம் போனால், அவர் உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிரதேச சபையில் கடைசியாகச் சோலைவரி, அதாவது வீட்டு வரி, கட்டிய பற்றுச்சீட்டும் உரித்துச் சான்றிதழும் எடுத்து வரச் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். சாமிப் படத்துக்குப் பின்னால் அப்பா செருகி வைத்திருந்த பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றிலும் இலக்கம் 27. கடைசிச் சீட்டு 2018. சபையில் பதிவேட்டைப் பார்த்தால் 27 வேறு ஒருவருடையது, அப்பாவின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. உங்களுடையது 27/1ஆக இருக்கலாம், அதில் 2019 தொடக்கம் நிலுவை இருக்கிறது என்றார்கள். அந்த 27/1 என்ற இலக்கத்துக்குச் சிங்களத்தில் கடிதங்கள் வந்தது உண்மை, ஆனால் மேலே எழுதியிருந்த பெயர் எங்களுடையது இல்லை என்பதால் பக்கத்து வீட்டுக்கு வந்ததாக நினைத்து அம்மா அவர்களிடமே கொடுத்துவிட்டிருக்கிறார். அவர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்!

இதைவிடப் பெரிய பயம், கடைசிக் கடிதத்தில் பெறுமதி 18,000 ரூபா என்று இருக்கிறது. இங்கே ஒரு பேர்ச்சே லட்சக்கணக்கில் போகிறது. காணியை வேறு யாரோ எழுதிக்கொண்டார்களா? வெளிநாட்டில் ஊர்ப்புறத்துக் காணி வரி விபரம்கூட இணையத்தில் கிடைக்கிறதாம், நமக்கு அப்படி எதுவும் இல்லையா?

கொத்துமலை_மழை:

ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்க, வேலை முடிந்தது. எங்கள் மாமாவுக்கு அப்படித்தான் செய்தோம்.

பழைய_லெட்ஜர்:

தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். யாரும் காணியை எழுதிக்கொள்ளவில்லை என்றுதான் படுகிறது. நான் ஒரு பிரதேச சபையின் வருமானப் பகுதியில் நிறைய வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், இப்படிப் பதறிக்கொண்டு வந்தவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

மேலே எழுதியவர் கோபிக்க வேண்டாம், பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பாதிச் சனம் பிழையான கட்டடத்தில்தான் முதலில் வரிசையில் நிற்கும். சோலைவரி சபையின் வேலை. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம்தான் அதற்கு அடிப்படை. செயலகத்தில் இருப்பது அரச காணி, அனுமதிப்பத்திரம், அளிப்பு போன்றவை. உங்களுடையது உறுதிக் காணி என்பதால் இந்த விஷயத்துக்கு அங்கே போகத் தேவையில்லை.

அந்த 18,000 காணியின் விலை இல்லை, ஆண்டுப் பெறுமதி. அதாவது இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று விலைமதிப்புத் திணைக்களத்துக்காரர் போட்ட கணக்கு. வருடக்கணக்கில் மீளாய்வு செய்யாமல் விட்டால் அது இப்படிச் சிரிப்பு வருகிற தொகையாகத்தான் நிற்கும். அதில் சபை தீர்மானித்த ஒரு வீதம்தான் வரி. உதாரணத்துக்கு 6 வீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 1,080 ரூபா, காலாண்டுக்கு 270. ஜனவரி 31க்கு முன் முழு வருடத்தையும் கட்டினால் 10 வீதம் கழிவு, 972 ரூபாவோடு முடிந்துவிடும். காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம், 270இல் 13 ரூபா 50 சதம், பஸ் காசுக்கும் காணாது, ஆனாலும் அதை வாங்கவென்றே மழையில் நனைந்துகொண்டு வரும் ஐயாமார் இருந்தார்கள்.

இனிப் பெயர் விஷயம். பதிவேட்டில் சொந்தக்காரர் என்ற நிரலில் இருப்பது, சபைக்குக் கடைசியாக யாராவது வந்து சொன்ன பெயர். நொத்தாரிசு உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்தால் அது சபைக்குத் தானாக வந்து சேராது. வாங்கியவர் உறுதியின் பிரதியோடு வந்து பெயர்மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் அப்பா 1991இல் வாங்கினார், வரியும் ஒழுங்காகக் கட்டினார், ஆனால் பெயரை மாற்றவில்லை என்று நினைக்கிறேன். காசாளர் யார் காசு கொடுத்தாலும் வாங்குவார், சீட்டில் கட்டியவர் பெயரை எழுதுவார். அந்தப் பழைய சீட்டுகளைத் திரும்பப் பாருங்கள், கட்டியவர் பெயருக்கு மேலே அல்லது பக்கத்தில் சொந்தக்காரர் என்று இன்னொரு பெயர் சின்னதாக இருக்கும். அது உங்களுக்குக் காணி விற்றவர் பெயராக இருந்தால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்தது.

27 எப்படி 27/1 ஆனது என்றால், அநேகமாகப் பெரிய துண்டாக இருந்த காணி பிரிந்திருக்கும், அல்லது மறுமதிப்பீட்டில் இலக்கம் மாறியிருக்கும். பதிவேட்டில் பழைய இலக்கத்துக்கு ஒரு நிரல் உண்டு, குறிப்பு நிரலிலும் சிவப்பு மையில் ஏதாவது எழுதி வெட்டியிருப்போம். "அப்பா பெயரைத் தேடுங்கள்" என்று கேட்காமல், "பழைய இலக்கம் 27, வீதியின் பெயர் இது, பக்கத்துக்காரர் இவர்" என்று கேளுங்கள்.

பெயரால் தேடத்தான் வேண்டும் என்றால் இன்னொன்று. நம் பெயரைச் சிங்களத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பெ. முத்தையா என்பவர் "பீ." என்ற எழுத்துக்குக் கீழே கிடப்பார், தகப்பன் பெயர் முன்னால் வந்துவிட்டால் வேறு பக்கத்திலேயே இருப்பார். ஒருவரை நான் மூன்று நாள் தேடியிருக்கிறேன், கடைசியில் அவர் வீட்டுப் பெயரில் இருந்தார்.

ஹட்டன்_ஹரி:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடைசிச் சீட்டு 2018 என்றதும் எனக்கு இதுதான் பொறி தட்டியது. அந்த வருடத் தேர்தலோடு நுவரெலியா பிரதேச சபை நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று மூன்றாகியது, அம்பகமுவ சபை அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்று மூன்றாகியது. உங்கள் டவுன் இதில் புதுச் சபைக்குள் வந்தால், 2018க்கு முந்திய கதைக்குப் பழைய சபையிலும் கேட்க வேண்டிவரலாம். புதுச் சபையில் இல்லை என்று சொன்னால் அது எங்கேயுமே இல்லை என்று அர்த்தம் இல்லை.

தேயிலைக்கொழுந்து:

நொத்தாரிசிடம் போய் வந்த ஆள் என்ற முறையில் சொல்கிறேன், வரிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு காணி என்னுடையது என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் சித்தப்பா 20 வருடம் வரி கட்டினேன், எனக்குத்தான் காணி என்று சண்டை பிடித்தார், கடைசியில் உறுதி அத்தையிடம் இருந்தது. வரி கட்டியது ஒரு சாட்சி, அவ்வளவுதான். உரித்தைப் பார்க்கிற இடம் காணிப் பதிவகம்.

அங்கே போவதற்கு முன் உங்கள் உறுதியைத் திருப்பிப் பாருங்கள் அண்ணா. பதிவகத்தின் முத்திரை இருக்கும், அதற்குள் கையால் எழுதிய ஒரு ஆங்கில எழுத்து, பிறகு தொகுதி எண், ஒரு கோடு, பக்க எண். இதைத்தான் ஃபோலியோ என்பார்கள். அந்த எண்ணைக் கொடுத்துத் தேடல் விண்ணப்பம் போட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டுவார்கள். யார் கொடுத்தது, யார் வாங்கியது, எந்த நொத்தாரிசு, எந்தத் திகதி, எவ்வளவு காசு, ஈடு வைத்திருக்கிறதா என்று வரிசையாக இருக்கும். பக்கம் நிரம்பிவிட்டால் கீழே வேறு தொகுதியின் எண் எழுதியிருக்கும், அங்கே தொடர வேண்டும். 1991க்குப் பிறகு அந்தப் பக்கத்தில் வேறு யாருடைய பெயரும் ஏறவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

உறுதி தொலைந்தவர்கள் யாராவது வாசித்தால்: நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் பதிவகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

பிளானில் ரூட் கணக்குப் பார்த்துக் குழம்பாதீர்கள். 0 ஏக்கர் 1 ரூட் 12 பேர்ச் என்றால் 12 பேர்ச் இல்லை, ஒரு ரூட்டுக்கு 40 சேர்த்து 52. சபையில் ஒன்று, பிளானில் ஒன்று என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் கத்தினோம், கடைசியில் இந்தக் கூட்டல்தான்.

தகவல்_கேள்:

எதற்கு இவ்வளவு சுற்று? 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுங்கள். காசு இல்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் ஆணைக்குழு. "27, 27/1 ஆகிய இலக்கங்களுக்கு 1991 முதல் இன்றுவரை உள்ள பதிவேட்டுப் பக்கங்களின் பிரதி" என்று குறிப்பாகக் கேளுங்கள். "என் காணி விபரம் எல்லாம்" என்று கேட்டால் பதிலும் அப்படித்தான் வழவழ என்று வரும்.

பழைய_லெட்ஜர்:

அது நல்ல சட்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஈயை அடிக்க உலக்கையை எடுக்க வேண்டுமா? முதலில் நேரில் ஒரு தரம் போகட்டும். திங்கட்கிழமை போகாமல் வேறொரு நாளில், பதினொரு மணிக்கு முன். வாய்ப்பேச்சில் சரிவரவில்லை என்றால் விண்ணப்பத்தை நீட்டலாம். இணையத்தைப் பற்றிக் கேட்டீர்கள், சில சபைகளில் வரியை இணையத்தில் கட்டலாம், ஆனால் பழைய பதிவேடு இன்னும் துணி அட்டை போட்ட புத்தகம்தான், அதன் முன்னால் போய் நிற்கத்தான் வேண்டும்.

மொழிக்காகத் தயங்க வேண்டாம். தமிழில் எழுதித் தமிழில் பதில் வாங்க அரசியலமைப்பிலேயே இடம் இருக்கிறது.

ஐந்தாம்_நம்பர்_லயம்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். எங்களுக்கும் இப்படி இலக்கம் இருக்குமா?

பழைய_லெட்ஜர்:

பொதுவாக இல்லை மகன். சோலைவரி, அபிவிருத்தியடைந்த பகுதி என்று வர்த்தமானியில் அறிவித்த இடத்துக்குத்தான். அதற்கு வெளியே பயிர்செய்யும் பெரிய காணிக்கு ஏக்கர் வரி, அது தோட்டத்தை நடத்துபவர் கட்டுவது. காணி அரசாங்கத்துடையது, 1992இலிருந்து கம்பனிகள் கையில். லயக்காம்பிராவில் இருப்பவர் அந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. அதைக் காரணம் காட்டியே எத்தனையோ வருடம் தோட்டத்து வீதிக்கு ஒரு கல்லுக்கூடப் போட முடியாது என்று கையை விரித்தோம், நானும் விரித்திருக்கிறேன். 2018இல் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்திய பிறகுதான் சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க வழி வந்தது.

சின்னடவுன்காரன்:

ஒரு கிழமை கழித்து எழுதுகிறேன். புதன்கிழமை லீவு போட்டுப் போனேன். ஐயா சொன்னது அப்படியே. 1996ஆம் ஆண்டுச் சீட்டில் அப்பா பெயருக்கு மேலே மங்கிய மையில் இன்னொரு பெயர், அது எங்களுக்குக் காணி விற்றவர். இத்தனை வருடம் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரும் கவனிக்கவில்லை. பழைய இலக்கம் என்று கேட்டதும் அங்கிருந்த மிஸ் அஞ்சு நிமிடத்தில் எடுத்துவிட்டார். 27/1, சொந்தக்காரர் அதே விற்றவர், பழைய இலக்கம் 27. பக்கத்து வீட்டுக்காரர்தான் தன் பாதிக்கு உறுதியைக் காட்டி 27ஐத் தன் பெயருக்கு முறையாக மாற்றியிருக்கிறார். அவரில் ஒரு பிழையும் இல்லை, நாங்கள்தான் தூங்கியிருக்கிறோம்.

வீதமும் 6தான், நிலுவை 2024 வரை ஆறு வருடத்துக்கு 6,480 ரூபாவும் அதற்கு மேல் வாரண்ட் செலவும். கட்டிவிட்டேன். காணிப் பதிவகத்தில் பக்கத்தையும் பார்த்தேன், 1991இல் அப்பா பெயர், அதற்குக் கீழே வெறும் கோடுகள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிப் பெயர்மாற்றம். மரண சாசனம் எழுதாமல் அப்பா இறந்ததால் அம்மாவுக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு என்றார் நொத்தாரிசு. தங்கை சரி என்றுவிட்டாள், தம்பி கட்டாரில். அவன் வராமல் முடிக்க வழி இருக்கா?

தேயிலைக்கொழுந்து:

அற்றோர்ணித் தத்துவம், அதாவது தம்பிக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம். உங்கள் நொத்தாரிசையே எழுதச் சொல்லி அனுப்புங்கள், தம்பி டோஹாவில் நம் தூதரகத்தில் கையெழுத்து வைத்து அனுப்பட்டும், இங்கே பதிந்த பிறகு பாவிக்கலாம். அடையாள அட்டையில் இருக்கிறபடி அவர் பெயரை எழுத்துக்கு எழுத்துச் சரிபாருங்கள், எங்களுக்கு ஒரு எழுத்துக்காகத் திரும்பி வந்தது.